சிப்பாய் தாத்தாவுக்கு வந்த பத்திரிகைகள்

ஓய்வு பெற்றவர்களிடம் ஆளுக்கொரு கட்டுரை வாங்கி மலர் போடுகிறார்களாம். அலுவலகத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். "சார், உங்க சர்வீஸ்ல மனசுக்கு இதமா நடந்தது நாலு எழுதிக் குடுங்க, ரெண்டு பக்கம் போதும்" என்றார்கள். இதமாக வேண்டுமென்றால் குச்சி ஐஸ் விற்றவரைப் போய்க் கேட்டிருக்க வேண்டும். நான் முப்பத்தோரு வருஷம் கல்லறைத் தோட்டத்தில் எழுத்தராக இருந்தவன். எனக்கு எழுத இருப்பது ஒன்றே ஒன்றுதான், அது இதமானது இல்லை. போடுவதானால் முழுசாகப் போடுங்கள். வெட்டிக் குறைத்துப் போடுவதாக இருந்தால் தயவுசெய்து குப்பையிலேயே போட்டுவிடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்டப் போவதில்லை. ராயபுரம் கல்மண்டபத்தில் வீடு, நடந்தே போய்விடலாம், அவ்வளவுதான் காரணம். முதல் இரண்டு வருஷம் பழைய பதிவேடுகளின் கையெழுத்தை வாசிக்கப் பழகினேன். பூச்சி தின்ற பக்கத்தைப் புரட்டுவது எப்படி, துக்க வீட்டாரிடம் பெயரை இரண்டாம் முறை கேட்பது எப்படி என்பதெல்லாம் அதற்குள் வந்துவிட்டது.

எங்கள் வேலையில் முக்கியமானது கல்லறைத் திருநாள். நவம்பர் இரண்டாம் தேதி ராயபுரமே திரண்டு வரும். அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு நான் வரிசை வரிசையாக நடப்பேன். ஒரு கல்லறையில் பூவோ, மெழுகுவர்த்தியோ, புதுச் சுண்ணாம்போ இருந்தால் பதிவேட்டில் அந்தக் கட்டத்துக்கு நேரே டிக் போட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் கோடு. தொடர்ந்து ஏழு வருஷம் கோடு விழுந்தால், பதினோராவது விதிப்படி அந்தக் கட்டம் 'கேட்பாரற்றது' ஆகிவிடும். பட்டியலை மூன்று மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்போம். யாரும் வரவில்லை என்றால் நான் கையெழுத்துப் போடுவேன், அதற்குக் கீழே கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு அந்தக் குழியை வேறொருவருக்குக் கொடுக்கலாம். பழைய எலும்புகளை ஒரு துணியில் கட்டி, குழியை இன்னும் ஆழமாக்கி அடியில் வைத்து மண் போட்டுவிட்டு, அதற்கு மேல் புதுப் பெட்டியை இறக்குவார்கள். இடம் இல்லாத ஊரில் இது தவறில்லை. என் தகப்பனாரும் அப்படி ஒரு குழியில்தான் இருக்கிறார்.

ஆனால் முதல் இரண்டு வரிசைகளுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அங்கே இருப்பவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் வந்து இறங்கி, காலராவிலும் காய்ச்சலிலும் போனவர்கள். பாவம், அதிலே பாதிப் பேர் இருபது வயதுப் பையன்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் கல்லறையில் நூறு வருஷமாகப் பூ விழுந்ததில்லை. இருந்தாலும் பதிவேட்டின் ஓரத்தில் 'பாதுகாக்கப்பட்டவை' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்கள். நாலாவது வரிசையில் அதே காலத்தில், அதே பட்டாளத்தில், அதே சண்டையில் இருந்த நம்மூர் ஆள் ஒருவர் கிடந்தார். அவருக்கு அந்தச் சிவப்பு மை இல்லை. வெள்ளைக்காரனுக்குப் பெயர், படைப்பிரிவு, வயது, வியாதி, பிறந்த ஊர் என்று ஐந்து கட்டம் நிரப்பியிருந்தது. நம்மவருக்கு 'சவரிமுத்து, சுதேசி, சிப்பாய், பென்ஷன்' என்று நாலே சொல்.

எங்கள் கண்காணிப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. நாற்காலியில் கைக்குட்டையை விரித்து, அதன் மேல்தான் உட்காருவார். வாயில் எந்நேரமும் ஒரு பெப்பர்மின்ட் இருக்கும். யார் என்ன சொன்னாலும், "எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்பார். அவருடைய பெரிய வித்தை வேறு. இதைச் செய் என்று அவர் உத்தரவு போடவே மாட்டார். விதிப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, "மிஸ்டர் அருளப்பன், பதினோராவது விதியைக் கொஞ்சம் வாசியுங்கள்" என்பார். நான் சத்தமாக வாசிப்பேன். வாசித்து முடிக்கும்போது பேனாவை மூடி கழற்றி நீட்டிக்கொண்டிருப்பார். என் வாயாலேயே சொல்லிவிட்டதால் என் கையாலேயே போட்டுவிடுவேன். முப்பது வருஷமாக இந்த நாடகத்துக்கு நானும் ஒத்து ஊதியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சவரிமுத்துவின் கல்லறையில் எப்போதாவது ஒரு கல்யாணப் பத்திரிகை கிடக்கும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல் வைத்திருக்கும். நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை இப்படி நடக்கும். முதல் முறை பார்த்தபோது குழி வெட்டும் மாணிக்கம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அண்ணே, கைய வெக்காதே. கிறிஸ்தவங்க கல்லறையில மஞ்சா தடவுன பத்திரிகைக்கு இன்னா வேல? யாரோ யாருக்கோ செய்வினை வெச்சிக்கீறான். கல்யாணம் நிக்கணும்னு வெச்சிட்டுப் போறாங்க."

கல்லறைத் தோட்டத்தில் வேலை பார்த்தால் இதெல்லாம் சகஜம். எலுமிச்சம்பழம், பொம்மை, தலைமுடி என்று எத்தனையோ எடுத்திருக்கிறோம். மாணிக்கம் ஒரு குச்சியால் பத்திரிகையைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் கொளுத்தினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்து அப்படி ஆறு பத்திரிகைகள். எதையும் நாங்கள் கையால் தொட்டதில்லை.

நவம்பர் இரண்டில் மட்டும் அங்கே பூ விழாது. இடம் போதாமல் நாலாவது வரிசையையும் இந்தக் கணக்கில் சேர்த்த பிறகு, கோடு, கோடு, கோடு என்று ஏழு கோடு விழுந்தது. பட்டியலில் அந்தக் கட்டம் ஏறியது, மூன்று மாதம் ஒட்டிக் கிடந்தது, யாரும் வரவில்லை. பதினோராவது விதியை வாசித்தேன், பேனாவை வாங்கினேன், போட்டேன். அதே வாரம் பக்கத்துக் கல்லறைக்கு உரிமையுள்ளவரின் தாயார் இறந்துபோனார். மகன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பருப்பு மொத்த வியாபாரி, தகப்பனாருக்குப் பக்கத்திலேயே அம்மாவும் இருக்க வேண்டும் என்று கேட்டார். கொடுத்தோம். சவரிமுத்துவின் எலும்பை மாணிக்கம் துணியில் கட்டி அடியில் வைத்தான். அவர் தலைமாட்டுக் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயடியில் சேறு மிதிக்காமல் இருக்கக் குப்புறப் போட்டான். மேலே பளபளவென்று கிரானைட் வந்தது, சுற்றிலும் இரும்புக் கம்பியும் பூட்டும் வந்தன.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, வெயில் ஏறிய நேரம். வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் அவர்களுடைய கொள்ளுத் தாத்தா ஒரு சிப்பாயாம். கண்காணிப்பாளர் நாற்காலி போடச் சொல்லி, இளநீர் வாங்கி வரச் சொல்லி, என்னைக் குடை பிடிக்க அனுப்பினார். நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் நாலாவது வரிசையிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

ஓடினேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் கல்யாணப் பெண் களையோடு அவர் மகள், கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. அந்த அம்மாள் பெயர் தேவகி. எம்.கே.பி. நகரில் வீடு, பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை.

"இன்னா சார் இது? எங்க தாத்தா எங்க சார்? இங்கதானே இருந்தாரு! யாரு இந்தப் பொம்பள?" என்று கிரானைட்டில் இருந்த போட்டோவைக் காட்டிக் கேட்டார்.

அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். நாற்காலிகளை வெளிநாட்டுக்காரர்களுக்காக வெளியே போட்டிருந்ததால் இவர்களுக்கு நாற்காலி இல்லை. கண்காணிப்பாளர் முன்னால் நின்றுகொண்டேதான் பேசினார்கள்.

தேவகி ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து மடிப்பு மடிப்பாக ஒரு ஜெராக்ஸை எடுத்தார். சவரிமுத்து பட்டாளத்திலிருந்து விலகும்போது கொடுத்த காகிதம். தகப்பன் பெயர், ஜாதி, உயரம், இடது கன்னத்தில் வெட்டுத் தழும்பு, நடத்தை நல்லது என்று இருந்தது. மூலக் காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டதாம்.

"எங்க தாத்தாவுக்கும் தாத்தா சார் இவரு. பட்டாளம் நடந்தா பொண்டாட்டி புள்ளைங்களும் பின்னாலயே நடக்கணும். பெல்லாரி, நாக்பூர்னு ஞானப்பூ ஆயா தலையில சட்டி பானைய வெச்சிகினு, இடுப்புல புள்ளய வெச்சிகினு நடந்துக்குது. பர்மா சண்டைக்குப் போகசொல்ல மட்டும் குடும்பத்த ஏத்தல. மூணு வருசம் கயிச்சித் திரும்பி வந்து பாத்தா, பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் ஆயி, மாப்பிள்ளையோட சிலோனுக்குப் போயிட்ச்சி. அப்பால அந்தப் பொண்ண அவரு கண்ணாலயே பாக்கல. 'எனக்குச் சொல்லாம இந்த வூட்ல இனி ஒரு கல்யாணம் நடக்கக்கூடாது'ன்னு சொல்லிட்டாரு சார். அத்தத்தான் நாங்க இன்னிக்கு வரிக்கும் பண்ணிகினு கீறோம். மொதப் பத்திரிகை தாத்தாவுக்குத்தான். அச்சடிக்காத காலத்துல வெத்தல பாக்கு மட்டும் வெப்பாங்க."

கண்காணிப்பாளர் பெப்பர்மின்டை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினார். "நீங்கள் கிறிஸ்தவர்களா?" என்று கேட்டார்.

"எங்க தாத்தா காலத்துலயே புத்த மதத்துக்கு வந்துட்டோம். அவரோட அப்பாவும் பட்டாளத்துல சேரத்தான் போனாரு. சிப்பாய் புள்ளன்னு சொல்லி வரிசையில நின்னாரு. ஒயரம் அளந்து, மார் அளந்து, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டு, ஜாதியக் கேட்டு, 'இனிமே உங்க ஆளுங்கள எடுக்கறது இல்ல'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவரு ஹார்பர்ல மூட்ட தூக்கப் போயிட்டாரு. அந்த ரோசத்துல வந்த மதம் சார் இது."

"அதனால்தான் நவம்பர் இரண்டாம் தேதி வருவதில்லை" என்றார் கண்காணிப்பாளர்.

"அன்னிக்கு எங்களுக்கு இன்னா வேல? கல்யாணம்னா வருவோம். நாலு வருசத்துக்கு முன்ன எங்க அண்ணன் புள்ள கல்யாணத்துக்கு வந்தோமே!"

"எழுத்தில் இருக்கிறதா?" என்றார் அவர். குரலில் ஒரு சூடும் இல்லை. "இந்தக் காகிதம் அவர் சிப்பாயாக இருந்தார் என்பதற்குச் சான்று. நீங்கள் வந்தீர்கள் என்பதற்கு?"

அந்தப் பெண்ணின் கையிலிருந்த பத்திரிகையை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். உறையின் மேல் விலாசம் எழுதும் இடத்தில் பேனாவால் எழுதியிருந்தது. 'சிப்பாய் சவரிமுத்து தாத்தாவுக்கும் ஞானப்பூ ஆயாவுக்கும், எம்.கே.பி. நகரிலிருந்து பேரப்பிள்ளைகள்.' கீழே முழு விலாசம், போன் நம்பரோடு.

எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் எழுத்தில்தான் இருந்தது. வாசிக்கவே சம்பளம் வாங்கிய நான், குனிந்து ஒரு உறையை வாசிக்காமல், குச்சியால் தள்ளிக் கொளுத்த விட்டிருக்கிறேன். ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். செய்வினை என்று பயந்து நாங்கள் எரித்தது ஒரு மனிதனுக்கு வந்த கடிதத்தை.

அங்கேயே சொன்னேன். "சார், இவங்க வந்தது உண்மை. பத்திரிகை வைப்பாங்க. நாங்கதான் எரிச்சோம்."

தேவகி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். "எரிச்சியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "இருவத்தேழு வருசத்துக்கு முன்ன ஒண்ணு எரிச்சியா? அது என் கல்யாணப் பத்திரிகை" என்றார்.

கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். "மிஸ்டர் அருளப்பன், பதினோராவது விதியை இவர்களுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள்."

"மாட்டேன் சார்" என்றேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. என் தைரியத்தை மெச்சிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அந்த வார்த்தையை நாலு மாதம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியவன். காரியம் கெட்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல யாருக்குத்தான் வராது? அவர் முகம் சுளிக்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, தானே வாசித்தார், நிறுத்தி நிதானமாக, ஒரு கமாவை விடாமல். ஜன்னலுக்கு வெளியே வெளிநாட்டுக்காரர்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் நானும் மாணிக்கமும் குழாயடிக்குப் போய் அந்தக் கல்லைப் புரட்டினோம். குப்புறக் கிடந்ததால் எழுத்து அழியவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். தேவகி சேற்றிலேயே உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

'மதராஸ் காலாட்படைச் சிப்பாய் சவரிமுத்து இங்கே இளைப்பாறுகிறார். பெண்சாதி ஞானப்பூவும் உயிரோடிருக்கிற பிள்ளைகளும் வைத்த கல். வழியில் விட்டுவந்த பிள்ளைகள்: சூசை, தெரேசு, பேரிடாதது.'

மாணிக்கம் தலையிலடித்துக்கொண்டு அழுதான். அந்தக் கல்லின் மேல் நின்றுதான் தினமும் கால் கழுவுவோம், இரண்டு பேரும். பெல்லாரிச் சாலையில் எந்த மரத்தடியில் அந்தப் பெயரிடாத பிள்ளையை ஞானப்பூ புதைத்தாளோ! பட்டாளம் நிற்காது, விட்டுவிட்டு நடந்திருப்பாள். பெயர் வைக்கக்கூட அவகாசம் கிடைக்காத பிள்ளைக்குக் கல்லில் ஒரு இடம் வாங்கிவைத்தாள் அந்த மனுஷி. அதையும் நாங்கள் பிடுங்கிப் போட்டுவிட்டோம்.

பருப்பு வியாபாரியை நானே கடைக்குப் போய்ப் பார்த்தேன். கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "என்னய்யா சொல்லுதீய? ஒரு வார்த்தை முன்னமே சொல்லிருக்கப்படாதா? எங்கம்மாவ இன்னொருத்தர் வீட்டுலயா படுக்க வச்சிருக்கேன்? இனிம அவுகள எழுப்ப முடியாதுல்லா. ஒண்ணு செய்வோம், அந்தக் கல்ல கம்பிக்குள்ளயே எங்கம்மா கால்மாட்டுல நட்டிருவோம். சாவி ஒண்ணு அந்த அக்காட்ட குடுத்திருதேன், எப்பம் வேணாலும் வரட்டும்" என்றார். அவருக்கு இருந்த மனசு எங்களுக்கு இல்லை.

ஆனால் அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. பதிவேட்டில் உரிமை உள்ளவரின் பெயர் மட்டுமே கல்லில் இருக்கலாம் என்றார் கண்காணிப்பாளர். நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினேன். விசாரணை என்று மூன்று பேர் வந்தார்கள், காப்பி குடித்தார்கள். எழுத்தரின் கவனக்குறைவு, மற்றபடி நடைமுறை சரியாகவே பின்பற்றப்பட்டது என்று எழுதிவிட்டுப் போனார்கள். கண்காணிப்பாளர் அடுத்த வருஷம் சால்வையோடும் மாலையோடும் ஓய்வு பெற்றார். அந்தக் கூட்டத்தில் நானும் கை தட்டினேன் என்பதை நினைத்தால், அவரைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கல்லை மட்டும் அந்த மாதமே 'உபயோகமற்ற பொருள்' என்று எழுதி வெளியே எடுத்துப்போக விட்டார்கள். மாணிக்கம் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி பிடித்து வந்தான். கல்லை ஏற்றி, சாக்கு போட்டு மூடினோம். தேவகி வண்டியை விட்டு என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணம். நீ வா. எங்க ஜனம் மொத்தமும் வரும். தாத்தா எங்க கீறாருன்னு கேப்பாங்க. நான் சொன்னா அடிதடி ஆயிடும். நீ வந்து நின்னு உன் வாயால சொல்லு. அத்தத் தவுர உன்னாண்ட எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார்.

போனேன். வியாசர்பாடியில் ஒரு சின்ன மண்டபம், இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். வாசலில் அந்தக் கல்லைச் சாமந்திப் பூவால் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் தேவகி மேடைக்கு என்னை அழைத்துப் போய் மேளத்தை நிறுத்தச் சொன்னார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மன்னிப்பு, வருத்தம் என்றெல்லாம் பேச மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

"சிப்பாய் சவரிமுத்து நாலாவது வரிசையில, பதினேழாவது கட்டத்துல இருக்கார். கிரானைட் போட்ட கல்லறைக்கு அடியில, ஒரு பெட்டிக்குக் கீழ, எட்டடி ஆழத்துல இருக்கார். வெள்ளைத் துணியில கட்டி, தலைமாட்டப் பாத்து வச்சிருக்கு. நீங்க வச்ச பத்திரிகைங்க அவருக்குப் போய்ச் சேரல. அது எங்க தப்பு."

மணப்பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையில் லுங்கி கட்டிய ஒரு பெரியவர் எழுந்தார். தேவகியின் மாமாவாம், ஹார்பரில் வேலை பார்த்தவராம்.

"எடுக்கலாம்னு கையெழுத்து போட்டது யாரு?" என்று கேட்டார்.

கண்காணிப்பாளர் பெயரைச் சொல்லியிருக்கலாம். விதியைச் சொல்லியிருக்கலாம். மாணிக்கம் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்" என்றேன்.